பத்தில் ஒரு பங்கு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணி,

போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறீங்க. தினம் காலையில மழை அளவு மட்டும் மெசேஜ்ல வருது. வெறும் எண். அதுக்கு மேல ஒரு வணக்கம் கிடையாது, கீழ ஒரு 'சாப்பிட்டியா' கிடையாது. நேத்து 'மழை இல்லை'ன்னு ரெண்டே வார்த்தை வந்துச்சு. சரி, எண்ணுக்குப் பதிலா வார்த்தையாவது வந்துச்சேன்னு திரும்பத் திரும்பப் படிச்சேன். பாருங்க என் பிழைப்பை.

அதான் கடிதத்துல இறங்கிட்டேன். வியாழக்கிழமை மலையிலிருந்து ஆத்துத் தண்ணி பாட்டில் பெட்டி பஸ்ல இறங்கி வருது, வெள்ளிக்கிழமை காலிப் பாட்டிலோட திரும்ப ஏறுது இல்லையா? பாட்டிலுங்க இடிச்சுக்காம இருக்க வைக்கிற அட்டைக்கு நடுவுல இதைச் செருகியிருக்கேன். 'அண்ணி கையிலயே குடுங்க'ன்னு டிரைவர்கிட்ட சொன்னா, 'இன்னுமா தீரல உங்க சண்டை?'ங்கறார். நம்ம விவகாரம் பஸ் ரூட் முழுக்க ஓடிக்கிட்டிருக்கு.

அக்டோபர் கூட்டத்துல நடந்தது தப்புதான். கமிட்டித் தலைவர் 'மலையில அளவு எடுக்கறது யாரு?'ன்னு கேட்டார். நீங்க கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தீங்க. 'உள்ளூர் பார்வையாளர் ஒருத்தர் சார்'னு நான் சொன்னேன். நீங்க குடையை எடுத்துக்கிட்டு எழுந்து போன சத்தம் கேட்டுச்சு. காலேஜ்ல ஒரே பெஞ்சுல உட்கார்ந்து ஒரே பாடத்தைப் படிச்சவங்க, என்னைவிட நாலு மார்க் கூட வாங்கினவங்க, எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு அந்த மலை நிலையத்தை ஒத்தையா உருவாக்கினவங்க. அவங்களை நான் 'ஒருத்தர்'னு சொன்னேன்.

ஏன்னு கேளுங்க. எத்தனை வருஷமா நம்ம மழையையும் ஆத்தையும் வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணுதான் கணக்குப் போட்டுக் குடுத்துச்சு. எண்ணை நாம அனுப்பணும், ரெண்டு வருஷம் கழிச்சுத் தலையணை மாதிரி ஒரு புத்தகம் வரும். அதுல ஒரு படத்துல நம்ம ஆறு கடல்லேர்ந்து மலைக்கு ஓடிச்சு, ஞாபகம் இருக்கா? 'இனிமே நாங்களே பாத்துக்கறோம்'னு சண்டை போட்டு வாங்கின மையம் இது. ஆனா கமிட்டி இதைச் சோதனைக்குத்தான் குடுத்திருக்கு. ஜூன் பதினஞ்சாம் தேதி அணையில தண்ணி எந்த உயரத்துல நிக்கும்னு இந்த மாசக் கடைசியில நாங்க சொல்லணும். சொன்னதுக்கும் நின்னதுக்கும் ரெண்டு அடிக்கு மேல வித்தியாசம் இருந்தா மையத்துக்குப் பூட்டு. நானும் என்கிட்டப் பயிற்சிக்கு வந்திருக்கிற பிள்ளைங்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்த நிலைமையில 'அளவு எடுக்கறது எங்க அண்ணி'ன்னு சொன்னா, 'ஓஹோ, குடும்பத் தொழிலா'ன்னு கேட்பாங்களேன்னு பயந்துட்டேன். பயம்தான் அண்ணி, வேற ஒண்ணுமில்ல.

திட்டியாவது எழுதுங்க.

உங்கள்
குருவி


ஜனவரி 15

அனுப்புநர்: உள்ளூர் பார்வையாளர், மலை நிலையம்.
பெறுநர்: ஒருங்கிணைப்பாளர், வட்டார நீர் மற்றும் காலநிலை ஆய்வு மையம்.

அம்மையீர்,

தங்களின் 9-ஆம் தேதியிட்ட கடிதம் பாட்டில் பெட்டிக்குள் கண்டெடுக்கப்பட்டது. மேற்படி பெட்டியில் பாட்டில் தவிர வேறு எப்பொருளும் வைக்கலாகாது என்பது தாங்களே பிறப்பித்த உத்தரவு என்பதைப் பணிவுடன் நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளேன்.

இவ்வாரம் மழை இல்லை. ஆற்று நீர் மாதிரிகள் வழக்கம்போல் இத்துடன் அனுப்பப்படுகின்றன. பார்வையாளர் நலமாக இருக்கிறார்.

தங்கள் உண்மையுள்ள,
ஒருத்தர்.

பின்குறிப்பு: நலமா ஒண்ணும் இல்ல. இடுப்பு பிடிச்சுக்கிச்சு. உன் அண்ணன் 'எழுதுடி பாவம், சின்னப் பொண்ணு'ன்னு மூணு நாளா என் உயிரை வாங்கறார். முப்பத்தெட்டு வயசுல நீ சின்னப் பொண்ணாம். காலேஜ்ல என்னை 'ஏய்'னு கூப்பிட்டவ, கல்யாணத்துக்கு மறுநாள்லேர்ந்து 'அண்ணி, நீங்க'ன்னு மாறினியே, அன்னிக்கே நான் உஷாராகியிருக்கணும். மரியாதை குடுக்கறவங்கதான் மாட்டி விடுவாங்க.


ஜனவரி 16

அண்ணி, என் தங்க அண்ணி,

பின்குறிப்பு வந்துச்சே, அது போதும் எனக்கு. கடிதத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில வெச்சிருக்கேன். மேல் பாதியை மடிச்சுட்டு.

இடுப்புக்கு பெல்ட் ஒண்ணு வாங்கி, பெட்டிக்கு வெளியில கட்டி அனுப்பியிருக்கேன். உத்தரவை மீறலைன்னு குறிச்சுக்கோங்க. பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்க. அந்தப் படிக்கட்டுல மழைத்தண்ணி ஜாடியைத் தூக்கிட்டு இறங்கும்போது உடம்பைப் பாத்துக்கோங்க.

இங்க ஒரே கொண்டாட்டம். பிள்ளைங்க ஏழு பேரும் கம்ப்யூட்டர் அறையிலயே குடியிருக்காங்க. மேல ஜன்னல் ஓரத்துல காயப்போட்ட துண்டைப் பாத்துட்டு, 'இது ஆபீஸா ஹாஸ்டலா'ன்னு பக்கத்துக் கட்டிடத்துக்காரர் கேட்டார். ஏழு பேர்ல ஒருத்திக்கு 'ஏன்'னே பேர் வெச்சுட்டோம். எதைச் சொன்னாலும் 'ஏன் மேடம்?'. 'டீ குடிக்கலாம் வா'ன்னாலும் ஏன்தான். இவளை யாராவது கட்டிக்கிட்டா அவன் கதி என்னன்னு நான் யோசிக்கறதுண்டு.

கணிப்பு கிட்டத்தட்ட தயார். ஜூன்ல எண்பத்து நாலு அடி. நல்ல செய்தி அண்ணி. மழை நல்லாப் பெஞ்சிருக்கு, ஆத்துல அவ்வளவு ஓடல, அப்ப மிச்சத்தை மலை குடிச்சு வெச்சிருக்கு. கோடையில ஊத்து வழியா கொஞ்சம் கொஞ்சமா விடும். கோடைப் பயிர் தாராளமா வைக்கலாம், ஊருக்குள்ள தண்ணியை முறை வெச்சு விட வேண்டியதில்ல.

கோவம் போயிடுச்சுன்னு ஒரு வரி எழுதிடுங்களேன்.

குருவி


ஜனவரி 22

ஏய் குருவி,

கோவம் போகல. கொஞ்சம் இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். முதல்ல நெஞ்சுல இருந்துச்சு, இப்ப மூக்கு நுனிக்கு வந்திருக்கு. தும்மினா போயிடும்.

எனக்கு என்ன வலின்னு தெரியுமா? நீ பேர் சொல்லாதது இல்ல. 'யாரு'ன்னு அவர் கேட்டதும் நீ பின்னாடி திரும்பிப் பாக்கவே இல்ல. ஒரு தடவை திரும்பிக் கண்ணைக் காட்டியிருந்தா, 'சரி, ஏதோ காரணம், சமாளிக்கறா'ன்னு புரிஞ்சுக்கிட்டிருப்பேன். இருபது வருஷம் பழகினவளுக்கு அது கூடவா தெரியாது?

சரி விடு. பெல்ட் நல்லா இருக்கு. கட்டிக்கிட்டா மூச்சு விட முடியல, கழட்டினா நிக்க முடியல. உன் அண்ணன் ஒரு நாள் கட்டிப் பாத்துட்டு, 'இதைப் போட்டா தொந்தியே தெரியலையே'ன்னு பட்டறைக்கே கட்டிட்டுப் போயிட்டார். மேஜை நாற்காலி செய்யற மனுஷனுக்கு எதுக்கு அழகு? பிடுங்கி வெச்சிருக்கேன்.

எண்பத்து நாலு அடின்னு கேட்க சந்தோஷம். இங்க நிலையத்துக்குப் பின்னாடி இருக்கிற ஊத்து என்னவோ இந்த வருஷம் கொஞ்சம் மெலிஞ்ச மாதிரிதான் இருக்கு. மேல பாறை எங்கயாவது நகர்ந்து வழி மாறியிருக்கும். நீ கவலைப்படாம கணிப்பை வெளியிடு. இத்தனை நாள் அடுத்தவன் புத்தகத்துல படிச்சதை நம்ம வாயால நாமே சொல்லப் போறோம். அந்தக் கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வரும்தானே? கடைசி வரிசையா இருந்தாலும் பரவாயில்ல.

உன் அண்ணன் கேக்கச் சொன்னார்: சரியா சாப்பிடறியா?

அண்ணி


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணி,

தும்மிட்டீங்கன்னு எடுத்துக்கறேன்.

கணிப்பு போன வாரம் வெளியாயிடுச்சு. செய்தித்தாள்ல படத்தோட வந்துச்சு. விதைக் கடைகள்ல 'அணையில் 84 அடி'ன்னு கொட்டை எழுத்துல எழுதித் தொங்க விட்டிருக்காங்க. மார்ச் முதல் வாரம் விதைப்பு. என்னை மார்க்கெட்ல பாத்து ஒருத்தர் கும்பிட்டார். எனக்குக் கூச்சமா போச்சு.

ஆனா ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. நேத்து வகுப்புல அந்த 'ஏன்' பொண்ணு கேட்டா: 'மேடம், மலை தண்ணியைக் குடிச்சு வெச்சிருக்குன்னா ஊத்து பெருத்திருக்கணும். பாட்டில் பெட்டி இறக்க வந்த டிரைவர், ஊத்து மெலிஞ்சுடுச்சுன்னு சொல்றார். ஏன்?' பாறை நகர்ந்திருக்கும்னு உங்க பதிலையே சொன்னேன். 'எல்லா ஊத்துலயுமா மேடம்? வழியில மூணு ஊத்து அப்படித்தான்னு சொன்னார்'ங்கறா. வகுப்பை முடிச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

இப்ப ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. இப்பத்தான் சமாதானம் ஆகியிருக்கோம், பாத்து.

போன வருஷம் ஆகஸ்ட்ல உங்க மழை அளவையும் ஆத்து ஓட்டத்தையும் சேர்த்து வெச்சுப் பாத்தேன். மழை பத்துல ஒரு பங்கு குறைவா வந்துக்கிட்டிருந்துச்சு. ஆறு ஓடின அளவுக்கு மழை பத்தல. அப்பவே உங்களுக்கு இடுப்பு வலி. அந்தப் படியில ஜாடியோட இறங்கும்போது கொஞ்சம் சிந்திடுது போலன்னு நினைச்சேன். அதைச் சொன்னா நீங்க மனசு ஒடிஞ்சுடுவீங்க. அதனால கம்ப்யூட்டர்லயே எல்லா அளவோடயும் பத்துல ஒரு பங்கைக் கூட்டற மாதிரி எழுதி வெச்சுட்டேன். பிள்ளைங்களுக்குக் கூடத் தெரியாது.

இப்ப பெல்ட் போட்ட பிறகு சிந்தறது நின்னிருக்குமோ? நின்னிருந்தா நான் அந்தக் கூட்டலை எடுத்துடணும். அதான் கேட்டேன். வேற ஒண்ணுமில்ல.

குருவி


பிப்ரவரி 8, ஞாயிறு

குருவி,

வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாது. காய்கறி வண்டியில குடுத்தனுப்பறேன். கூடவே அளவு எல்லாத்தையும் தனித் தாள்ல எழுதி வெச்சிருக்கேன். போன்ல சொன்னா நீ பாதி கேப்ப, மீதிக்கு அழுவ. எழுத்துல இருந்தா உன் கண் முன்னாடி நிக்கும். படிச்சுட்டு நீயே கூப்பிடு, எடுக்கறேன்.

முதல்ல ஒண்ணு. நான் சிந்தறேனா? ரெண்டு பிள்ளைங்களுக்கு ராத்திரி பகல்னு பாலாடையில பால் குடுத்த கை இது. பஸ்ல நின்னுக்கிட்டே டம்ளர் டீயைச் சொட்டு சிந்தாம குடிச்சவ நான். கேட்டிருக்கலாம் இல்ல? 'அண்ணி, குறையுதே, என்ன'ன்னு ஒரே ஒரு வார்த்தை.

இப்ப உட்கார்ந்துக்கோ. உட்கார்ந்துதானே இருக்க?

நிலையத் திறப்பு விழா அன்னிக்கு, புது மழைமானியைத் திறந்தவெளியில வைக்கத்தான் நீ மேடை கட்டி வெச்சிருந்த. போட்டோ எடுக்கறவன் 'பெயர்ப்பலகை தெரியல மேடம், சுவத்தோரமா நகர்த்துங்க'ன்னான். கமிட்டி மொத்தமும் நின்னுச்சு, நீயும் நகர்த்தி உன் கையாலயே சிமெண்டு போட்டுப் பதிச்ச. அங்க சுவர் மறைக்குது குருவி. சாய்ச்சு அடிக்கிற மழை உள்ள விழறதே இல்ல. நிலையத்துக்குப் பின்னாடி என்னோட பழைய தகர மழைமானி இருக்கு இல்ல, அதுல விழறதைவிட இதுல பத்துல ஒரு பங்கு குறையும். செப்டம்பர் கடைசியில ரெண்டையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிச்சேன்.

சொல்லலாம்னுதான் அக்டோபர் கூட்டத்துக்கு வந்தேன். அப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. கோவமா வீட்டுக்கு வந்தேன். ஆனா அந்தக் கோவத்துலயும் உன்னைக் காட்டிக் குடுக்க மனசு வரல. கமிட்டி முன்னாடி, படம் பிடிச்சு, நீ பதிச்ச இடம் தப்புன்னு எப்படிச் சொல்றது? அதனால அன்னிலேர்ந்து நானே பத்துல ஒரு பங்கைக் கூட்டித்தான் உனக்கு மெசேஜ் அனுப்பறேன்.

புரியுதா? நான் கூட்டி அனுப்பறேன். நீ அது மேல இன்னொரு தடவை கூட்டற. ஒரே பானைக்கு ரெண்டு பேரும் தெரியாம உப்பு போட்டிருக்கோம். மலை எந்தத் தண்ணியையும் குடிச்சு வெச்சுக்கல. அப்படி ஒரு மழை பெய்யவே இல்ல.

அண்ணி


பிப்ரவரி 10

அண்ணி,

போன்ல நான் பேசினது பாதி அழுகை, பாதி கத்தல். மன்னிச்சுடு. அணை இன்ஜினியரோட ஜீப் நாளைக்கு மேல வருது, அதுல குடுத்தனுப்பறேன்.

நீ அனுப்பின தாளை வெச்சு, ரெண்டு கூட்டலையும் பிரிச்சு, திரும்பப் போட்டுப் பாத்தோம். 'ஏன்'தான் கூட இருந்தா, அவளுக்கு மட்டும் சொன்னேன். அறுபத்தொன்பது அடி. எண்பத்து நாலு இல்ல, அறுபத்தொன்பது. எண்பத்து நாலுன்னு நம்பி விதைச்சா மே மாசமே வாய்க்கால் வத்திடும். பயிர் பாதியில கருகும். ஊருக்குக் குடிதண்ணியும் இழுபறிதான்.

இருபத்தஞ்சாம் தேதி கமிட்டி கூடுது. நம்ம மையத்தைப் பாராட்டறதுக்காகக் கூடுது, அதான் கொடுமை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதை. அந்தக் கம்பெனிக்காரங்க ஆளும் வரானாம். 'சொன்னேனே, இவங்களால முடியாது'ன்னு சொல்லக் காத்துக்கிட்டிருப்பான்.

எனக்கு ஒரு வழி தோணுது. நீ என்னன்னு சொல்லு. மார்ச் ஒண்ணாம் தேதி மாதாந்திர அறிக்கை வரும். அதுல 'பிப்ரவரியில் மழை பொய்த்ததால் கணிப்பு குறைக்கப்படுகிறது'ன்னு சத்தமில்லாம அறுபத்தொன்பதைப் போட்டுடலாம். பிப்ரவரியில எப்பவுமே மழை இல்லைன்னு யாரு கவனிக்கப் போறா? ஜனங்களுக்குச் சரியான எண் போய்ச் சேர்ந்துடும். மையமும் பிழைச்சுக்கும். உன் பேரும் கெடாது, என் பேரும் கெடாது. பிள்ளைங்க ஏழு பேரோட வேலையும் இருக்கும்.

எனக்கு மையம் வேணும் அண்ணி. அதைவிட, நீ என்னைக் கேவலமா நினைக்காம இருக்கணும். ரெண்டுல எது முக்கியம்னு தெரியாமத்தான் உன்னைக் கேக்கறேன்.

குருவி


பிப்ரவரி 12

என் குருவிக்கு,

'நீ'ன்னு எழுதியிருக்க, கவனிச்சியா? பத்து வருஷத்துக்கு அப்புறம். அந்த 'நீ'யைப் பாத்ததும் கொஞ்சம் தெம்பு வந்துச்சு. இனிமே அப்படியே எழுது.

உன்னைக் கேவலமா நினைக்க எனக்கு என்ன தகுதி? நீ செஞ்சதைத்தான் நானும் செஞ்சேன். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. நாம அளந்தோம், நல்லாத்தான் அளந்தோம். பாசத்தை மட்டும் அளக்காம போட்டுட்டோம்.

நீ சொன்ன வழியை ராத்திரி முழுக்க மனசுல போட்டுப் பாத்தேன். உனக்காக சரின்னு சொல்லத்தான் ஆசை. உன் அண்ணன்கிட்டயும் சொன்னேன். அவர் இழைப்புளியைக் கீழ வெச்சுட்டு, 'முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்க, சரி. அடுத்த பூசணிக்காயை எங்க மறைப்பீங்க?'ன்னார்.

யோசிச்சுப் பாரு. நீ சத்தமில்லாம சரி பண்ண, நான் சத்தமில்லாம சரி பண்ணேன், அதுலதான் இங்க வந்து நிக்கறோம். மூணாவது தடவையும் சத்தமில்லாமயா? இந்தப் பிள்ளைங்களுக்கு நாம என்ன கத்துக் குடுக்கப் போறோம்? அந்த 'ஏன்' பொண்ணு கேட்டாளே ஒரு கேள்வி, அந்தக் கம்பெனி புத்தகத்தை வெச்சுக்கிட்டு நம்ம ஊர்ல யாராலயாவது அப்படிக் கேட்டிருக்க முடியுமா? அவளுக்கு முன்னாடி பொய் சொல்லிட்டு மையத்தை வெச்சுக்கிட்டா, அது கட்டிடம்தான், மையம் இல்ல.

மார்ச் வரைக்கும் காத்திருக்காத. விதைக் கடைப் பலகையை இந்த வாரமே இறக்கச் சொல்லு. கமிட்டியில எல்லாத்தையும் சொல்லு. என் பங்கு என்னன்னும் சொல்லு, மறைக்காத. நானும் வரேன், உன் பக்கத்துலயே உட்காரறேன்.

இதனால மையம் போச்சுன்னா, மலையில நமக்கு ஒரு வீடு இருக்கு. உன் அண்ணன் பட்டறைக்கு ஆள் வேணும்னு சொல்லிக்கிட்டிருக்கார். உனக்கு ஆணி அடிக்கத் தெரியாது, ஆனா வாய் இருக்கு, வியாபாரம் பாக்கலாம்.

தைரியமா இரு.

அண்ணி


பிப்ரவரி 27

அண்ணி,

உன் இடுப்புக்கு நேரமே தெரியல. பஸ் படியில கால் வைக்கும்போதா பிடிச்சுக்கணும்? இப்ப எப்படி இருக்கு? எழுந்திருக்காத. அளவு எடுக்கறதை உங்க ஊர்த் தபால்காரர் பாத்துக்குவாராம், அண்ணன் சொன்னார்.

உனக்குப் பதிலா அண்ணன் வந்து நிக்கும்போது எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல. கல்யாணச் சட்டையைப் போட்டுக்கிட்டு, உன் தகர மழைமானியை மடியில வெச்சுக்கிட்டு, முதல் வரிசையில உட்கார்ந்துட்டார். 'பின்னாடி வா'ன்னு கூப்பிட்டேன். 'உன் அண்ணி முன்னாடிதான் உட்காரச் சொன்னா'ன்னுட்டார்.

பலகையெல்லாம் முன்னாடியே இறக்கிட்டதால கமிட்டி கொதிப்புலதான் வந்துச்சு. எழுந்து எல்லாத்தையும் சொன்னேன். 'மலையில அளவு எடுக்கறவங்க என் அண்ணி. என் வகுப்புத் தோழி. போன தடவை இதைச் சொல்லாதது என் தப்பு'ன்னுதான் ஆரம்பிச்சேன். சுவர், போட்டோ, அவங்க கூட்டினது, நான் கூட்டினது, ஒண்ணு விடல.

தலைவர் அண்ணனைப் பாத்து, 'நீங்க யாரு?'ன்னார். அண்ணன் மழைமானியோட எழுந்து நின்னு, 'நான் ஒருத்திக்குப் புருஷன், இன்னொருத்திக்கு அண்ணன் சார். எனக்கு உங்க கணக்கு எதுவும் தெரியாது. இவங்க ரெண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி காப்பாத்தக் கிளம்பினா ஊரே காய்ஞ்சுடும்னு மட்டும் தெரியும். அதனால ரெண்டு பேர் கணக்கையும் பாக்க மூணாவதா ஒரு ஆளைப் போடுங்க'ன்னார். பாதிப் பேர் சிரிச்சுட்டாங்க. தலைவர் சிரிக்கல, ஆனா எழுதிக்கிட்டார்.

அப்ப அந்தக் கம்பெனி ஆள், 'இந்த மாதிரிப் பிழை எங்க அறிக்கையில பத்து வருஷத்துல ஒண்ணு கூட இல்லை'ன்னு ஆரம்பிச்சான். நம்ம 'ஏன்' சும்மா இருப்பாளா? கையைத் தூக்கி, 'இல்லைன்னு யார் பாத்தாங்க சார்? ஏன் கேக்கறேன்னா, பாக்க எங்களுக்குக் கணக்கையே நீங்க குடுத்ததில்லையே'ன்னா. அவன் தண்ணி குடிச்சான்.

முடிவு இதுதான். அறுபத்தொன்பதை எங்க கணிப்பா ஏத்துக்கறாங்க. அதே ரெண்டு அடி விதி. தப்பினா பூட்டு, இனிமே பேச்சே கிடையாது. நீ இனிமே எனக்குக் கீழ இல்ல, நேரா கமிட்டிக்குத்தான் எண் அனுப்பணும். அதை நான் சரி பாக்கணும், என் கணக்கை அந்த 'ஏன்' பொண்ணு சரி பாக்கணும்.

வெளியில வந்து படிக்கட்டுல உட்கார்ந்துட்டேன் அண்ணி. அண்ணன் பக்கத்துல உட்கார்ந்து மழைமானியை என் மடியில வெச்சார்.

குருவி


மே 7

ஏய் குருவி,

என் இடுப்பு தேவலை. நடக்கறேன், படி இறங்கறேன், சிந்தறதில்ல.

சுவத்தோரத்துலேர்ந்து மழைமானியைப் பெயர்த்தெடுத்து வெட்டவெளியில வெச்சாச்சு. நீ போட்ட சிமெண்டு இருக்கே, அதை உடைக்க உன் அண்ணன் ஒரு நாள் முழுக்க வியர்த்தார். படிச்ச வேலையைவிட உனக்கு இது நல்லா வருதுன்னார்.

டிரைவர் சொல்றதைக் கேட்டா உன்னை ஊர்ல வறுத்தெடுக்கறாங்களாமே. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாய்ல தண்ணி வருது, அதுக்கு நீதான் காரணம்னு மார்க்கெட்ல பேச்சாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேசட்டும். கோடைப் பயிரை விட்டுட்டுக் கம்மித் தண்ணி கேக்கிற பயிரா வெச்சவங்க உன்னைத் திட்டிக்கிட்டே வெச்சாங்க. ஆனா வெச்சாங்க பாரு.

இங்க ஆறு ஒடுங்கிப் போச்சு. கரையில நின்னா அடிப்பாறை தெரியுது. நாம சொன்ன அளவுதான் வருது, ஒரு கை கூடுதலும் இல்ல, ஒரு கை குறைச்சலும் இல்ல. இதுக்கு நான் சந்தோஷப்படணும். ஆனா ஆத்தைப் பாத்தா சந்தோஷம் வரல. கணக்கு சரியா வரணும்னும் ஆசை, தப்பாப் போய் மழை கொட்டணும்னும் ஆசை. இந்த வேலையில இருக்கிறவங்க எல்லாருக்குமே இப்படித்தானா?

பெல்ட்டைத் திரும்ப உன் அண்ணன் தூக்கிட்டுப் போயிட்டார்.

அண்ணி


ஜூன் 19

அண்ணி,

அணையில எழுபத்தஞ்சு அடி நிக்குது. நாம சொன்னது அறுபத்தொன்பது. ரெண்டு அடி விதி, ஆறு அடி வித்தியாசம். தோத்துட்டோம்னு நீ திங்கட்கிழமை போன்ல அழுத. நானும்தான். நேத்து கமிட்டியில என்ன நடந்துச்சுன்னு எழுதறேன், பொறுமையா படி.

அந்த 'ஏன்' பொண்ணும் மத்தப் பிள்ளைங்களும் மூணு நாளா உட்கார்ந்து எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தாங்க. ஆத்துலேர்ந்து அணைக்கு வந்த தண்ணி நாம சொன்ன அளவேதான். உன் எண்ல பிசிறே இல்ல. அணையிலேர்ந்து வெளிய போனதுதான் குறைஞ்சிருக்கு. முறை வெச்சு விட்டாலும் ஊர் இவ்வளவு எடுக்கும்னு பழைய கணக்கை வெச்சுப் போட்டிருந்தோம். ஊர் அவ்வளவு எடுக்கவே இல்ல. வயலுக்கும் பாதிதான் போயிருக்கு. வத்திடும்னு நாம சொன்னதை நம்பி ஜனங்க தண்ணியை இழுத்துப் பிடிச்சுச் செலவழிச்சிருக்காங்க அண்ணி. திட்டிக்கிட்டே.

தலைவர் தாளைப் பாத்தார், என்னைப் பாத்தார். 'இந்த விளக்கமெல்லாம் இருக்கட்டும். உங்க கணிப்பு சரியா, தப்பா? ஒரு வார்த்தையில சொல்லுங்க'ன்னார்.

மையத்தைப் பூட்டினாலும் பரவாயில்லன்னு, 'தப்புதான் சார். நாங்க சொன்னா ஜனங்க இவ்வளவு கேப்பாங்கன்னு கணக்குல சேர்க்கல'ன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, 'எங்க வீட்டுத் தோட்டத்துக்குப் பிப்ரவரியிலேர்ந்து தண்ணி விடல. என் வீட்டுக்காரி உங்களைத் திட்டாத நாளே கிடையாது. அந்தப் புத்தகத்தைப் பத்து வருஷம் வாங்கி அலமாரியில அடுக்கினோம், அதைப் படிச்சுட்டு யாரும் ஒரு குழாயைக் கூட மூடினதில்ல'ன்னார். கையெழுத்துப் போட்டுட்டார் அண்ணி. மையம் நிரந்தரம். பிள்ளைங்க ஏழு பேருக்கும் வேலை. உன் நிலையத்துக்கு இன்னும் ரெண்டு ஆள்.

உனக்கு உடனே போன் பண்ணலாம்னு எடுத்தேன், இதைப் போன்ல சொல்லி முடிக்க முடியாதுன்னு வெச்சுட்டேன். எழுதத்தான் முடியுது. எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்னு எப்பவாவது சொல்லியிருக்கேனா? சொன்னதில்லன்னா இப்ப சொல்லிட்டேன்.

வராந்தாவுல எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. 'ஏன்' மட்டும் ஓரமா சுவத்துல சாய்ஞ்சு யோசிச்சுக்கிட்டிருந்தா. 'என்னடி, இப்பவுமா?'ன்னேன். 'இல்ல மேடம், ஜனங்க நம்மளை நம்புவாங்கன்னு அடுத்த வருஷக் கணக்குல சேர்க்கணுமே, எவ்வளவு சேர்க்கறது?'ன்னா.

எனக்குத் தெரியலன்னு சொன்னேன். நிஜமாவே தெரியல அண்ணி. நாளைக்குக் காலை பஸ்ல கிளம்பி மேல வரேன். பெட்டியில இடம் இல்லாததால இந்தக் கடிதத்தையும் நானே எடுத்துட்டு வரேன். உட்கார்ந்து யோசிப்போம்.

உன்
குருவி